பத்மாசனியின் வயது

— பிழை பிடிக்கிறனெண்டு நினையாதேங்கோ அக்கா. பட்டியலிலை 'ஏரம்பு மனைவி இலட்சுமி, வயது நாற்பத்தேழு' எண்டு கிடக்கு. உங்களைப் பார்த்தா முப்பதும் மதிக்கேலாது.

— கிடக்கெல்லே தங்கச்சி, பிறகென்ன? அப்பிடியே எழுதுங்கோ.

— அதாவது அக்கா, குழந்தை, பிள்ளை, குமர், தாய், கிழடு எண்டு மனிசர் ஒவ்வொரு பருவத்தையும் எப்பிடிக் கடக்கினமெண்டு இந்த முரசுமோட்டைக் குடியேற்றக்காரரிட்டைக் கேட்டு எழுதுறம். பேராதனையிலை ஆராய்ச்சி. வயசு பிழைச்சா முழுக்கப் பிழைச்சிடும்.

— என்ரை கணக்கு உங்கடை கட்டத்துக்குள்ளை நிக்காது. பதினேழு வயசு மட்டும் குமர். அடுத்த நாள் விடிய முப்பத்தைஞ்சு.

— விளங்கேல்லை.

— இஞ்சாரும் இலட்சுமி! ஆரது வாசல்லை?

— யூனிவேசிற்றிப் பிள்ளை, விமலேஸ்வரியாம். எழும்பாதேங்கோ, பிறகு இழுக்கத் துவங்கியிடும்.

— அவருக்குச் சுகமில்லையோ?

— தொய்வு. மார்கழி தாண்டாதெண்டு டொக்டர் கையை விரிச்சுப்போட்டார். தங்கச்சி, அந்தப் பேனையை ஒருக்கா வையுங்கோ. இஞ்சை வந்த நாள் தொட்டு என்ரை வயசை ஒருத்தரும் இப்பிடிக் கேட்டதில்லை. கேட்டிட்டியள், சொல்லுறன். உள்ளை படுத்திருக்கிறவர் என்ரை புருசனில்லை. பெத்த தேப்பன்.

— ஐயோ கடவுளே! அப்ப கழுத்திலை தாலி?

— அம்மாவின்ரை. நாற்பத்தொன்பதாம் ஆண்டு இஞ்சை காணி பிரிச்சுக் குடுக்கக் காணிக் கச்சேரி வைச்சவை. பெண்சாதி பிள்ளையோடை வாறவைக்குத்தான் வயற்காணி. கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கேக்கை அம்மா காய்ச்சலிலை செத்துப்போனா. ஐயா விதானையாரிட்டைப் போய், செத்தது மகள் பத்மாசனி எண்டு பதிஞ்சுபோட்டு வந்தார். நான் அம்மாவின்ரை சீலையைச் சுத்தி, தாலியையும் போட்டுக்கொண்டு, காணி குடுக்கிற துரைக்கு முன்னாலை இலட்சுமியா நிண்டனான். இடுப்பிலை ரெண்டு வயசுத் தம்பி. அவன் இண்டைக்கும் என்னை அம்மா எண்டுதான் கூப்பிடுறான்.

— பன்ரண்டு வரியமா? ஏனக்கா வாயை மூடிக்கொண்டு இருந்தியள்?

— காணிப் பெர்மிற் கைக்கு வரட்டும், ஒரு வரியம் பொறு எண்டார் ஐயா. பிறகு வாய் திறந்தாக் காணியைப் பறிச்சுப்போடுவாங்கள் எண்டார். தாலியோடை திரியிறவளை ஆர் வந்து பெண் கேட்பான்? சரி, அதெல்லாம் போகட்டும். ஆனா ஐயா கண்ணை மூடினா எனக்கெல்லே பொட்டழிப்பினம்! வெள்ளைச் சீலை தந்து மூலையிலை இருத்துவினம். கலியாணமே முடிக்காத நான், பெத்த தேப்பனுக்கு விதவை. அதை மட்டும் என்னாலை தாங்கேலாது தங்கச்சி.

— உண்மை வெளியிலை வந்தாக் காணி போயிடுமே?

— போகட்டும்! தம்பிக்குப் பதினாலு வயசாச்சு, கூலி வேலை செய்தெண்டாலும் பிழைப்பான்.

— இதை அறிஞ்ச வேறை ஆர் இருக்கினம்?

— பெரியம்மா ஒருத்தி இருந்தவ. போன வரியம் அவவும் போட்டா. இனி ஐயா மட்டுந்தான்.

— அதாவது, 'இவள் என்ரை மகள்' எண்டு ஐயா ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். எழுதி, அவரிட்டைக் கையெழுத்து வேண்டி, நானே கச்சேரிக்குக் கொண்டுபோறன். கேட்கட்டோ?

— கேளுங்கோ. பிற ஆள் கேட்டா ஒருவேளை சொல்லுவார்.

— ஐயா, நான் காணிக் கந்தோர் ஆளில்லை, பயப்பிடாதேங்கோ. இவ உங்களுக்கு ஆர்?

— இதென்ன கேள்வி பிள்ளை? என்ரை மனிசி, இலட்சுமி.

— உங்கடை மகள் பத்மாசனி?

— அதை ஏன் கேட்கிறாய். பதினேழு வயசிலை காய்ச்சல் கொண்டுபோட்டுது. இவள் பாவம், குளறிக் குளறி ஒரு மாசம் சோறு தின்னேல்லை.

— அக்கா, காணிக்குப் பயந்து மறைக்கிறார். நான் படலையடியிலை நிக்கிறன், நீங்கள் தனியக் கேட்டுப் பாருங்கோ.

— கேட்காமல் விட்டனானே தங்கச்சி? போன செவ்வாய்க்கிழமை நாங்கள் ரெண்டு பேருந்தான் வீட்டிலை. என்ரை ஆண்டுத்திவசமெண்டு என்னைக்கொண்டே சமைப்பிச்சு, படைச்சுப்போட்டு, என்ரை கையைப் பிடிச்சு விக்கி விக்கி அழுதவர்.