கணவாயில் அறைஞ்ச காசு

ரூபாய்த் தாளைக் கண்ணால பாக்காத காலம். செம்புக் காசுதேன் காசு. அந்தக் காலத்துல மொட்டைக்கரட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம், நம்ம புளியம்பாறையில, ஒச்சம்மா ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். மலைக்கு அந்தப் பக்கத்துச் சந்தையில மிளகும் பெருங்காயமும் வித்துப் பொழைச்சவ. இடுப்புல ஒரு சின்னத் தராசு, எடைக்கு ஒரு முடிச்சுக் குண்டுமணி. புருசன் வண்டி ஓட்டிக்கிட்டுத் தெக்க போயிருக்கான். வீட்டுல நாலு மாசத்துக் கைப்பிள்ளை. ஓரகத்திகிட்ட விட்டுட்டு, பொழுது சாய வந்துருவேன்னு சொல்லிட்டுச் சந்தைக்குப் போனாளாம். சிரிக்காம கேளுங்கப்பா, இது சிரிக்கிற கதை இல்ல.

கணவாயில சுங்கச்சாவடி. தலைச்சுமைக்குப் போக ஒரு காசு, வர ஒரு காசு. அங்க மணியம் பாத்தவரு பேரு பொம்மையா. அப்ப எவனோ காசை அராவிச் செம்புப்பொடியப் பாத்திரக்காரனுக்கு விக்கிறான்னு அரமனைக்குச் சேதி போயிருக்கு. எடை கொறஞ்ச காசு கொண்டாந்தா ஆளைப் பிடி, அஞ்சு காசு அபராதம் கட்டுற வரைக்கும் மாட்டுப்பட்டியில அடைன்னு, அன்னிக்கு அவ சந்தைக்குப் போன பெறகு உத்தரவு வந்துச்சாம். பொம்மையா என்ன செஞ்சாரு? புதுசா வந்த காசுல, பொண்ணு பாக்கப் போனவன் மாதிரி, நல்லாச் செவந்த, தடிச்ச காசா ஒண்ணைப் பொறுக்கி எடுத்தாரு. இதுதேன் சரியான எடைன்னு வச்சுக்கிட்டாரு. வர்ற காசையெல்லாம் அதுக்கு எதிர்த்தட்டுல போட்டு நிறுத்தாரு. லஞ்சம் வாங்காத மனுசன், கை சுத்தம். அதாம்யா கொடுமையே. கெட்டவன்னா கால்படி மிளகக் குடுத்துட்டுப் போயிரலாம்ல.

திரும்பி வரையில ஒச்சம்மா போட்ட காசு, தட்டோட மேல போயிருச்சு. நான் அராவலைங்கய்யா, வீட்டுல பிள்ளை பாலுக்கு அழுகும்னு சொல்லிப் பாத்தா. கால்ல விழுந்தும் பாத்தா.

"நானா சொல்றேன்? தராசு சொல்லுது தாயி"ன்னாராம் பொம்மையா. சொல்லிட்டுப் பட்டிக் கதவச் சாத்திட்டாரு.

உள்ள ஏற்கெனவே ஆறு பேரு. அபராதத்தக் கட்டிட்டுப் போக வேண்டியதுதானன்னு நீங்க கேப்பீக. அங்கதேன் இருக்கு சங்கதி. அந்த அபராதக் காசும் எடை சரியா இருக்கணுமாம். அவ மடியில பதினாறு காசு இருந்துச்சு, பதினாறும் கம்மி. உள்ள கெடந்த வளையக்காரர மீட்க அவரு மச்சினன் ஊர்ல இருந்து காசு கொண்டாந்தான். அதுவும் கம்மி. அவனையும் பிடிச்சு உள்ள போட்டாச்சு. இதுக்கு வேணும்னா சிரிச்சுக்கங்க. மீட்க வந்தவனே மாட்டிக்கிட்டா அப்புறம் எவன் வருவான்? ஒருத்தரும் வரல.

சுத்திக் கல்லுச் சுவரு, காலுக்கடியில சாணி. விடிஞ்சப்ப மாருல பால் கட்டிருச்சு. காய்ச்சல் வந்து அனத்துறா. சுவத்தோரம் ஒதுங்கிப் பாலைப் பீச்சி மண்ணுல விட்டாளாம். மண்ணு குடிக்குது, எம்பிள்ளை குடிக்கலையேன்னு அழுதாளாம். அப்படி ஒரு நாள். அப்படி ரெண்டு நாள். எறங்கி நடந்தா வீடு ரெண்டு நாழிகைத் தூரந்தேன். அதத் தாண்ட முடியல.

மூணாம் நாள் அழுகை நின்னு கோவம் வந்துச்சு. தராசை எடுத்தா. பொம்மையாவோட தடிச்ச காசு எத்தன மணி எடைன்னு அவரு வாயாலயே கேட்டிருந்தா. எட்டுப் பேரு காசையும் வாங்கி ஒண்ணொண்ணாக் குண்டுமணி போட்டு நிறுத்தா. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. இது ரெண்டு மணி கம்மின்னா அது அஞ்சு மணி கம்மி. தேஞ்சு எழுத்தழிஞ்ச காசு எளைச்சுக் கெடக்கு, சரி. களிம்பேறின காசு கனத்துக் கெடக்கு, அதுவும் சரி. வளையக்காரரு தன் தாயத்தப் பிரிச்சு ஒரு காசு குடுத்தாரு. அவரு பொறந்தப்ப உள்ள வச்சு மூடினது, கைபடாதது, எழுத்து அப்படியே இருக்கு. அதை நிறுத்தா அதுவும் மூணு மணி கம்மி. தேயாத காசு எப்படிக் கொறையும்னு எல்லாரும் முழிக்கிறாக.

அந்த எட்டுல ஒருத்தரு கன்னாரு, செம்படிக்கிற கெழவரு. அவருதேன் சொன்னாராம். காசு அடிக்கையில இத்தன செம்புக்கு இத்தன காசுன்னுதேன் கணக்கு தாயி, ஒண்ணு தடிப்பா விழுகும், ஒண்ணு மெலிசா விழுகும், மொத்தம் சரியா இருக்கும், ஒத்தை ஒத்தையா நிறுக்க அது என்ன தங்கமான்னாராம்.

ஒச்சம்மா கதவுக்கு வந்து பொம்மையாவக் கூப்பிட்டா.

"அய்யா, உங்க சம்பளம் அரமனை முத்திரைப் பையில வந்திருக்குமே. அதை உங்க காச வச்சே நிறுத்துப் பாருங்க."

பொம்மையா சிரிச்சுக்கிட்டேதேன் பையப் பிரிச்சாரு. மொதக் காசு கம்மி. ரெண்டாங்காசு கம்மி. மூணாங்காசும் கம்மி. அறுவது காசையும் நிறுத்தாரு, எடை நின்னது நாலே நாலு. தராசு சொல்றது நெசம்னா அரமனையே காசை அராவுதுன்னு ஆகும். அத வாய்விட்டுச் சொன்னா தலை நிக்காது. சொல்லாட்டி, கம்மிக் காசு வச்சிருக்கிற அவரும் பட்டியிலதேன் உக்காரணும். கதவுக்கு வெளிய நின்னாலும் அவரும் அடைபட்டுப் போனாரு.

இப்பப் பத்துக்குப் பத்து நிறுங்கன்னாளாம் ஒச்சம்மா. பையில பத்து ஒரு தட்டுல, அவ மடியில பத்து மறுதட்டுல. தட்டு ஆடி ஆடி நின்னுச்சு. கைபட்டுத் தேஞ்சது போக வித்தியாசம் ஒண்ணும் பெரிசா இல்ல.

"இத்தன பேரத் திருடனாக்கிட்டனே தாயி"ன்னு சொல்லிக் கதவத் தெறந்தாராம்.

அவ நிக்கல. தராசையும் போட்டுட்டு ஓடினா. வீட்டுல ஓரகத்தி ஆட்டுப்பாலத் துணியில நனைச்சு நனைச்சு வச்சுப் பிள்ளை உசுரப் பிடிச்சு வச்சிருந்தா. அழக்கூடச் சத்தில்ல அதுக்கு. மாருல போட்டா, மொகத்தத் திருப்பிக்கிச்சாம். அங்கதேன் ஒச்சம்மா ஒடஞ்சு போனா. ரொம்ப நேரம் கழிச்சுப் பிள்ளை தானாத் திரும்பிக் கவ்விக்கிச்சாம். அந்தப் பிள்ளைதேன் எங்க பாட்டனுக்குப் பாட்டன். அது திரும்பலைன்னா இன்னிக்கு இங்க உக்காந்து ஒங்க வெத்தலையத் திங்க நான் ஏது?

பொம்மையா அந்தத் தடிச்ச காசைக் கணவாய்ப் பாறையில ஆணி வச்சு அறைஞ்சுட்டாரு. அன்னையில இருந்து அங்க ஒத்தக் காச நிறுத்ததில்ல. கைப்பிள்ளைக்காரிய நிப்பாட்டுனதும் இல்ல. இன்னிக்கும் கணவாயில பஸ்ஸு நின்னா அவுகளுக்குத்தேன் மொத எடம். போறவுக வர்றவுக எல்லாரும் அந்தக் காசைப் பெருவிரலால ஒரு தடவு தடவிட்டுத்தேன் தாண்டுவாக. நீங்களும் போனாத் தொட்டுப் பாருங்க. எழுத்தும் இல்ல, தடிப்பும் இல்ல, வெத்தலை கனத்துக்கு ஆயிப்போச்சு. இப்ப அதப் பேத்தெடுத்து நிறுத்தா, மொதல்ல பட்டிக்குள்ள போறது அந்தக் காசாத்தேன் இருக்கும்.