தஹ்ஹான் வீட்டில் ஊசி தொலைவதில்லை

இந்தக் காப்பி பொங்கி வழிந்த காப்பி. நுரை போய்விட்டது. உங்கள் சிப்பந்தியை நான் குறை சொல்லவில்லை. காவல் நிலையத்தில் காப்பி போடுகிறவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆனால் எங்கள் ஹமா ஊரில் நுரையில்லாத காப்பியை விருந்தாளிக்குக் கொடுப்பதில்லை. நான் விருந்தாளி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். குடித்துவிடுகிறேன்.

ஊசியைப் பற்றிக் கேட்டீர்கள். மேசைமேல் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறீர்களே, அது என்னுடையதுதான். ரொட்டி சுடும் ஃபவ்வாஸின் தாய் உம் ஃபவ்வாஸ் இருக்கிறாளே, அவள் பேரனுடைய விலாவிலிருந்து மருத்துவர்கள் எடுத்த ஊசி. அவன் தொட்டிலில் கிடந்த மெத்தைப்போர்வையைத் தைத்தவளும் நான்தான். குழந்தை பிழைத்துக்கொண்டது என்று சொன்னீர்கள். நல்லது.

நீங்கள் மரியாதை தெரிந்த பிள்ளை. உங்கள் தாயாரின் கல்யாணப் போர்வையையும் நான்தான் தைத்தேன். மாதுளம்பழ நிறத்தில் சாட்டின் துணி, நடுவில் சூரியன், நான்கு மூலையிலும் பாதாம் இலை. இரண்டு முறை பிரித்துப் புதுப்பிக்கக் கொண்டுவந்தார். அந்த உரிமையில்தானோ என்னவோ, வந்து உட்கார்ந்ததுமே எனக்கு ஒரு வழி காட்டினீர்கள்.

"ஹாஜ்ஜா, உங்களுக்கு வயசாயிடுச்சு. கண்ணு மங்கல். ஊசி தவறி உள்ள போயிடுச்சு, நீங்க பாக்கல. அவ்வளவுதானே? நான் எழுதிக்கிறேன், கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே உங்களுக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்கிறது. நான் பேசும்போது உங்கள் பேனா நிற்பதைப் பார்க்கிறேன். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் புகுந்த வீடு தஹ்ஹான் வீடு, அதாவது மாவரைப்பவர் வீடு. ஆஸி ஆற்றங்கரையில் மாவாலைகள் வைத்திருந்தவர்கள். ஆலைகள் கைமாறிய பிறகும் பெயர் கைமாறவில்லை. என் கணவர் இறந்தபின் மேல்மாடி அறையில் உட்கார்ந்து போர்வை தைக்கத் தொடங்கினேன். தையற்காரி என்று என்னை யாரும் அழைத்ததில்லை. நான் யார் வீட்டுக்கும் போய்த் தைத்ததுமில்லை. பெண்கள்தான் என் படியேறி வருவார்கள்.

வசந்தம் முடிந்ததும் ஊரில் எல்லா வீட்டுப் போர்வைகளும் பிரிக்கப்படும். குளிர்காலம் முழுக்க மனிதர்களின் கனத்தில் ஆட்டுரோமம் கட்டிதட்டிப் போயிருக்கும். அதை எடுத்து ஆற்றில் கழுவி, மொட்டைமாடியில் காயவைத்து, மாதுளங் கம்பால் அடித்தால் மறுபடி பூப்போல விரியும். பிறகு துணிக்குள் பரப்பித் தைக்க வேண்டும். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட வேண்டும். இதைப் பல வருஷம் செய்தவளுக்கு, பிரித்த போர்வை ஒன்றைப் பார்த்தாலே அந்த வீடு தெரியும். நடுவில் தேய்ந்திருந்தால் ஒரு மாதிரி; இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி புதிதாக இருந்தால் வேறு மாதிரி. யாருடைய கணவர் தனியாகத் தூங்குகிறார், யார் வீட்டில் நோயை மறைக்கிறார்கள், எல்லாம் தெரியும். ஒரு சொல் வெளியே விட்டதில்லை. அந்தந்த வீட்டின் மானம் அந்தந்த வீட்டுக்கு.

ஊசி விஷயமும் அப்படித்தான். ஊசி குத்தி வைக்க, சிவப்புக் கம்பளித் துணியில் ஒரு திண்டு வைத்திருக்கிறேன். போர்வையின் கடைசிப் பக்கத்தை மூடுவதற்கு முன்னால் எல்லா ஊசியும் அதில் வந்து நிற்க வேண்டும். ஒருமுறை நீதிபதி வீட்டுப் போர்வையை முடிக்கிற நேரத்தில் ஒன்று குறைந்தது. முழுப் போர்வையையும் பிரித்தேன். ரோமத்தைப் பிடிபிடியாகத் தடவிப் பார்த்தேன். கடைசியில் என் சட்டைக் கையிலேயே குத்தியிருந்தது. நான்கு நாள் வேலை வீண். அதற்காக வருந்தவில்லை.

இனி விஸாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் குழந்தையின் தாய். அதற்கு முன்னால் அவள் என் மருமகள், என் ஒரே மகன் ரஸ்லானின் மனைவி. இதையும் விசாரித்து வைத்திருப்பீர்கள்.

நல்ல பெண்தான். சத்தமாகச் சிரிக்க மாட்டாள். ரோமம் அடிக்கும்போது என் எதிரே உட்கார்ந்து அவளும் அடிப்பாள். எனக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். ஏழு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தாள், குழந்தை இல்லை. டமாஸ்கஸுக்கு ஒரு மருத்துவரிடம் மூவரும் போனோம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. குறை பெண்ணிடம் இல்லை என்று அந்த மனிதர் சொன்னது என் காதில் விழுந்தது.

ரஸ்லான் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் நேரே தெருவுக்குப் போய்விட்டான். விஸால் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முக்காட்டின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமி, குறை எங்கிட்டதானாம். டாக்டர் சொல்லிட்டார். அவர ஒண்ணும் கேக்காதீங்க, ரொம்ப நொந்து போயிருக்கார்" என்றாள்.

நான் கேட்டுவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. வீட்டு மானம் தெரிந்த பெண் என்று அவளைப் பற்றி மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். அவள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்ட பிறகு அடுத்தது என்ன? குறையுள்ள பெண்ணை எத்தனை காலம் ஒரு வீடு வைத்திருக்க முடியும்? வைத்திருந்தால் ஊர் ஏன் என்று கேட்கும். மாமியார் பஹீஜா எதற்காக இவ்வளவு பொறுமையாக இருக்கிறாள் என்று யோசிக்கும். யோசித்தால் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். அதனால் ரஸ்லானிடம் விவாகரத்துச் சொல்லச் சொன்னேன். அழுதான். மாட்டேன் என்று சில வாரம் கிடந்தான். பிறகு சொன்னான். விஸால் தன் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். போகும்போதும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

பிறகு அவளை ரொட்டி அடுப்பு வைத்திருக்கும் ஃபவ்வாஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அதுவரை கூட எனக்கு ஒன்றுமில்லை. ஒரு வருஷம் கழித்து அவள் ஆண் குழந்தை பெற்றாள் என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் சின்ன வயது. இது எப்படிப்பட்ட செய்தி என்று உங்களுக்குப் புரிகிறதோ என்னவோ. விஸால் வாயைத் திறக்கவே இல்லை, இன்றுவரை திறக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தை பேசியது. அது அழும் ஒவ்வொரு அழுகையும் தெருவில் போகிறவர்களிடம் என் மகனைப் பற்றிச் சொன்னது. பொதுக் குளியல் கூடத்துக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ரஸ்லானுக்கு நான் பார்த்து வைத்திருந்த பெண்ணின் வீட்டார், இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் உம் ஃபவ்வாஸ் என் படியேறி வந்தாள். கையில் நீல சாட்டின் துணி, ஒரு மூட்டை புது ரோமம். என் அறையில் வேறு இரண்டு பெண்கள் தங்கள் போர்வைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்திருப்பாள் என்பது என் எண்ணம்.

"என்ன ஹாஜ்ஜா, கை இன்னும் ஓடுதா?"

"ஓடுது. உக்காரு."

"உக்கார நேரமேது? வீட்டுல பேரன் கத்துறான். என்ன குரல்ங்கிறீங்க! ஆத்துல ராப்பகலா முனகுற தண்ணிச் சக்கரமே தோத்துப் போயிடும். அவனுக்கு ஒரு தொட்டில் போர்வை வேணும். உங்களுக்குச் சிரமம் குடுக்க வேணாம், வேற யார்கிட்டயாச்சும் தைக்கலாம்னு மருமக சொன்னா. நான்தான் கேக்கல. அவ முன்னால வாழ்ந்த வீட்டுக் கைதான் தைக்கணும்னு எனக்கு ஆசை."

"அந்தக் கையில என்ன அப்படி விசேஷம்?" என்று ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள்.

"விசேஷம்தான். ஏழு வருஷமா அந்த வீட்டுல தொட்டிலுக்கு வேலையே இல்லையே. நூலெல்லாம் மிச்சமா கெடக்குமில்ல?"

இரண்டு பெண்களும் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கின.

"நம்ம அடுப்புல ஒரே வருஷத்துல ரொட்டி உப்பிடுச்சு ஹாஜ்ஜா. மாவுல குத்தமில்ல, முன்னால இருந்த அடுப்புலதான் சூடில்லன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிச் சிரிக்கிறார். ஆலை வச்சிருந்தவங்களுக்கு மாவைப் பத்தி நான் போய்ச் சொல்லணுமா?"

"தொட்டில் என்ன அளவு?" என்று மட்டும் கேட்டேன்.

அளவைச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் இறங்கும்போது படிக்கட்டில் ஒதுங்கி நின்று வழிவிட்டவன் ரஸ்லான். எந்தப் பேச்சிலிருந்து கேட்டான் என்று தெரியாது. அன்றைக்கு அவனுக்குப் பிடிக்குமே என்று கோதுமைக் குருணையும் தயிரும் வைத்திருந்தேன். தட்டைத் தொடவில்லை. முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அந்தப் போர்வையை நான் தைத்தது போல இன்னொன்று தைத்ததில்லை. நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள், கத்தரித்துப் போட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அலை அலையாகத் தையல், ஒரு அலைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு நூல் அகலம் கூட வித்தியாசம் இருக்காது. ரோமத்தைக் குழந்தைக்குத் தகுந்தபடி மெலிதாகப் பரப்பினேன். ஓரத்துக்குப் பட்டு நூல் என்னுடையது. வேலையில் குறை வைத்து அனுப்பினாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

உம் ஃபவ்வாஸ் வந்து வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "கை கைதான் ஹாஜ்ஜா" என்றாள். அவளுக்குக் கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாது. ரோமம் ஓரிடத்தில் நிற்காது. படுத்துப் புரளப் புரள அது நகரும், தன்னோடு இருப்பதையும் நகர்த்திக்கொண்டு வரும். அதற்குச் சில நாள் ஆகும். இது தையல் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

பேனாவை எடுத்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள், முடித்துவிடுகிறேன்.

நேற்று உங்கள் ஆட்கள் வந்து என்னைக் கூப்பிட்டபோது ரஸ்லான் வாசலில் என் முன்னால் உட்கார்ந்துவிட்டான். "உம்மா, ஒரே ஒரு வார்த்தை. கண்ணு தெரியலன்னு சொல்லுங்க. உங்க காலப் பிடிக்கிறேன். நமக்கு யாரு இருக்கா?" என்றான். எழுந்திரு, தெரு பார்க்கிறது என்று சொன்னேன். ஆனால் அவனுக்காக அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் இங்கே வந்தேன். நீங்கள் வழி காட்டியபோது வாய்வரை வந்தது. அதற்குள் நீங்கள் இன்னொன்றும் சொல்லிவிட்டீர்கள். விஸால் மருத்துவமனையில் உங்களிடம் அழுது கெஞ்சினாளாமே.

"மாமி அப்படிச் செய்யறவங்க இல்ல. பாவம், அவங்களுக்குக் கண்ணு மங்கிப் போச்சு. நான்தான் அவங்களுக்கு நூல் கோத்துக் குடுப்பேன், எனக்குத் தெரியும். வயசானவங்க, அவங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்க."

இப்படித்தானே சொன்னாள்?

பாவம். தஹ்ஹான் வீட்டு மூத்தவளைப் பார்த்து ரொட்டி சுடுகிறவன் மனைவி பாவம் என்கிறாள். என் மகனுக்காக ஒரு பொய் சொல்லி அவனைக் காப்பாற்றினாள். அதைப் பொறுத்துக்கொண்டேன். இப்போது எனக்காகவும் ஒன்று சொல்கிறாள். அவள் தயவில் நான் வீட்டுக்குப் போய், அவள் தயவில் மாடியில் உட்கார்ந்து, கண் தெரியாத கிழவி என்று ஊர் என்னிடம் போர்வை கொடுப்பதை நிறுத்துவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நூல் கோத்துக் கொடுத்தது உண்மை. அது மருமகளின் வேலை, அதனால் கொடுத்தாள்.

அந்த ஊசியை இப்படிக் கொடுங்கள். பயப்படாதீர்கள், திருப்பித் தந்துவிடுவேன். நூலுக்கு என் முக்காட்டின் ஓரத்தில் உருவிய இழையே போதும். கண்ணாடி வேண்டாம், விளக்கையும் நகர்த்த வேண்டாம்.

பாருங்கள். ஒரே தடவையில் கோத்துவிட்டேன்.

இனி எழுதிக்கொள்ளுங்கள். ஊசி தொலையவில்லை. நடு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே, குழந்தையின் நெஞ்சு வருகிற இடத்தில், நானே படுக்க வைத்தேன். அதன் பிறகு கடைசிப் பக்கத்தை மூடினேன். திண்டில் ஓர் ஊசி குறைவதைப் பார்த்தபடிதான் மூடினேன். அந்தக் குழந்தைமேல் எனக்குத் தனியாக ஒரு கோபமும் கிடையாது. முகத்தைக் கூடப் பார்த்ததில்லை. அது அங்கே இருந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

காரணம் என்று கேட்டு எழுத ஓர் இடம் வைத்திருப்பீர்கள். அந்த இடத்தில் டமாஸ்கஸ் மருத்துவர் சொன்னதை எழுத வேண்டாம். தஹ்ஹான் வீட்டு ஆண்களிடம் எக்காலத்திலும் ஒரு குறையும் இருந்ததில்லை என்று எழுதுங்கள், அதன்கீழ் கையெழுத்துப் போடுகிறேன். எழுதி முடித்ததும் எனக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திப் படியுங்கள். வெளியே என் மகன் நிற்கிறான். அவனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்.