மூன்றாவது வரி

வரும் மின்னஞ்சல்களை ஒழுங்காக வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, சார். பனச்சமூட்டில் எங்கள் லேபில் இரத்தமும் சதைத்துண்டும் எடுப்போம். சோதனை நடப்பது திருவனந்தபுரத்தில். அங்கிருந்து வரும் மின்னஞ்சலில் ‘முடிவு’ என்ற தலைப்பிலிருந்து ‘குறிப்பு’ என்ற தலைப்பு வரை உள்ள வரிகளைப் பிரித்து, நோயாளியின் போனுக்குத் தானாக அனுப்பும் விதியை எழுதியது நான்தான்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கேரள-தமிழ்நாடு எல்லைக்கு அந்தப்பக்கம். இரண்டு பஸ் மாறித் தாளை வாங்க யார் வருவார்? போனில் வந்ததே அவர்களுக்கு ரிப்போர்ட். முதல் வரியில் புண், வீக்கம் என்று இருக்கும். பயப்பட வேண்டியது, புற்றா இல்லையா என்பது, மூன்றாவது வரியில்தான் வரும்.

என் கணவர் சுந்தரதாஸ் இருபத்திரண்டு வருடம் மஸ்கட்டில் இருந்தவர். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, நாக்கில் புண். எங்கள் லேபில்தான் சதை எடுத்தோம்; ரிப்போர்ட் வந்ததும் முதலில் பார்த்தது நான். மூன்றாவது வரி தெரிந்தால் அவருடைய தங்கை ரெஜிலா சிகிச்சைக்கென்று திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்வாள். மறுபடியும் நான் தனியாக. என்னால் அதைத் தாங்க முடியாது, சார்.

அவருக்கு மட்டும் தனி விதி எழுதினால் அதில் அவர் பெயர் இருக்கும். அதனால் பொது விதியைத்தான் மாற்றினேன். ‘குறிப்பு’ வரை என்றிருந்ததை முதல் வரி முடியும் வரை என்று ஆக்கினேன். பிறகுதான், நிறுத்தி வைத்திருந்த அவருடைய மின்னஞ்சலை விதிக்குள் விட்டேன்.

லேப் முதலாளி சஜின் ஒருநாள் கேட்டான்.

“அக்கா, மெசேஜ் எல்லாம் ஒற்றை வரியா போவுதே?”

“நீளமா போனா ஆளுகள் பயந்து பேடிக்கும், சஜின்.”

“அது செரியாக்கும்,” என்றான்.

வந்து கேட்டவர்களுக்கு முழுத்தாளையும் கொடுத்தேன். யாரையும் ஏமாற்றவில்லை.

எட்டு மாதம் அவர் என்னோடு இருந்தார். செங்கல் ஊர் சிவன் கோயிலுக்குச் சேர்ந்து போனோம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பிசைந்து ஊட்டினேன், கடைசியில் கஞ்சித் தண்ணீர். வாய் திறக்க முடியாமல் ஒருநாள் கேட்டார்.

“எட்டி ஸ்ரீகுமாரி, புண்ணுன்னுதானே வந்துது?”

“ஆமா சேட்டா. மருந்து தின்னா மாறும்.”

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார். அந்த எட்டு மாதத்தைப்போல் சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அவருடைய பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது விதியைப் பழையபடி ஆக்கியிருக்கலாம். ஆக்கினால் ஏன் என்று சஜின் கேட்பான். அப்படியே விட்டேன். அதற்கப்புறமும் ஒரு வருடம் ஓடியது.

புற்று என்ற மூன்றாவது வரி போய்ச்சேராதவர்கள் இன்னும் முப்பத்தொன்பது பேர் என்று விசாரித்து எண்ணிச் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்: அவர்களில் ஒருவர்கூட இன்றுவரை லேபுக்கு வந்து ஒரு குறை சொன்னதில்லை.