மணலில் எடுத்த அளவு

இலுப்பூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"வீட்டு வேலைக்குக் கொட்டுன மணல்ல தண்ணி தெளிச்சு, உக்காந்து அளவு எடுத்தேன்க்கா" என்றாள் இளையவள். நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

"எதுக்கு?"

"சைக்கிள் சீட்டுக்குத்தான். உக்காருற எலும்பு பதிஞ்ச ரெண்டு குழிக்கும் நடுவுல டேப்ப வச்சுப் பாத்தா, என் சீட்டு அம்புட்டு அகலமே இல்ல. பெறகு எப்புடி வலிக்காம இருக்கும்? அகலமான சீட்டா மாத்திட்டேன். சுடிதாருக்குள்ள போட ஸ்பாஞ்சு வச்ச ஷார்ட்ஸும் தச்சுக்கிட்டேன். நேத்து குடுமியான்மலைக்கே போயிட்டு வந்தேன், வலி இல்ல."

"அந்த வலியிலதான் நான் சைக்கிளையே விட்டேன். வயசாயிருச்சுன்னுல்ல நெனச்சேன்!"

நிறுத்தம் வந்தது. மூத்தவர் பையோடு எழுந்து, இரண்டடி நடந்து, திரும்பினார்.

"அந்த மணலு இன்னும் கெடக்கா?"