நான்காவது போல்ட்

துருவேறி இறுகிய போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கக் கூடாது ஐயா. எண்ணெய் விட்டு, லேசாகத் தட்டி, அது இளகும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்கத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது.

கார் எங்கள் அப்பாவுடையது. ஞாயிறுதோறும் பிரார்த்தனை முடிந்ததும் இருவரும் ஷெட்டுக்கு வந்து அதைச் சீர்செய்தோம். என்ஜின் மட்டும் பாக்கி. அதை இறக்க அடியில் நான்கு போல்ட்டுகள் கழல வேண்டும். மூன்று கழன்றன. நான்காவதற்கு நான் மூன்று வாரமாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஜாக்கியை மட்டும் நம்பி நாங்கள் அடியில் படுப்பதில்லை. ஸ்டெப்னி சக்கரத்தைக் காருக்கு அடியில் கிடத்திவிடுவோம்; ஜாக்கி சரிந்தாலும் அது தாங்கும். நான் படுக்கும்போதெல்லாம், கேட்காமலே அண்ணன் அதைத் தள்ளி வைப்பார். "உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யார்கூடடா சண்டை போடுறது?" என்பார்.

அன்று வந்ததுமே சொன்னார்: "காரை என் மாப்பிள்ளைக்குக் கொடுத்துடலாம்டா. அவர் புது என்ஜின் போட்டுக்குவாராம். இந்த என்ஜினைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம். அந்த போல்ட் உடைஞ்சா உடையட்டும்."

"சரிண்ணே" என்றேன். குரலை உயர்த்தவில்லை. தரை சில்லென்று இருந்ததால் அவர் முதுகுக்கு அட்டை விரித்துக் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் அடியில் படுத்து, ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டி இழுத்தார். கார் ஆடியது.

"டேய், ஸ்டெப்னி வெச்சுட்டியா?"

"வெச்சாச்சுண்ணே."

"ஏன்டா குரல் ஒரு மாதிரி இருக்கு? கோவமா?"

"இல்லண்ணே. நீங்க இழுங்க."

இரண்டாம் இழுப்பிலும் ஆடியது. மூன்றிலும். வெளியே வரச் சொல்ல நேரம் இருந்தது. நான்காம் இழுப்பில் ஜாக்கி சரிந்தது.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்து காரைத் தூக்கி அவரை வெளியே எடுத்தார்கள். மூச்சு இல்லை. அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிறகு போல்ட்டைப் பார்த்தேன். கால் சுற்று இளகியிருந்தது. மீதியை விரலாலேயே கழற்றினேன். ஒரு மரைகூடச் சேதமில்லை. அதை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள் ஐயா.

நான் யாரையும் தள்ளவில்லை. ஸ்டெப்னி எங்கே இருந்தது என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். அதன்மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மனம் இளகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.