இன்னொரு வேளை பூச்சி மருந்து

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம், ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி தேங்காய்த்திட்டு மீன்காரி; அவளுடைய ஐந்து வயது மகன் சுவரைப் பார்த்தபடி விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“பூச்சியெல்லாம் போன வாரமே வுழுந்துடுச்சிக்கா. இன்னும் மருந்து வேணும்” என்றாள் மீன்காரி.

“வுழுந்துடுச்சின்னா அப்புறம் எதுக்கும்மா?” என்றாள் மற்றவள்.

“வயித்துல பூச்சி இருக்கறதாலதான் புள்ள பேசல, யார் மூஞ்சியும் பாக்கலன்னு சொன்னாங்க.”

“இப்ப பேசறானா?”

“இல்லக்கா.”

“மூஞ்சி பாக்கறானா?”

“அதுவும் இல்ல.”

“பின்ன எதுக்கு அந்தக் கசப்ப மறுபடியும் ஊத்தற?”

“அன்னைக்கு மருந்து குடிச்சி வயித்துவலி தாங்காம, அவனே தேடி வந்து என் மடியில படுத்துக்கினான்க்கா. பொறந்ததுலேர்ந்து அதான் மொத வாட்டி.”