லைட்ஹவுஸ் கதவு

— கொட்டாவி விட்டது போதும்க்கா. நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டு உட்காரு. ஆமை கேப்டன் வந்துட்டார்.

— ஏன்டா, உனக்கு வயசு முப்பத்தாறு. கால் உடைஞ்ச உன் பொண்ணைப் பார்க்கலாம்னு ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஓடி வந்தா, ரூமுக்குள்ளகூட விடாம லேப்டாப் முன்னாடி உட்கார வெச்சு சின்னப் புள்ளைங்க கேமைக் காட்டறே. நல்லா இருக்கு உன் உபசரிப்பு.

— அவ எங்க ஓடிடப் போறா, கட்டோட படுத்திருக்கா. முதல்ல இதைப் பாரு. இருபத்தெட்டு வருஷம் ஆச்சு நாம இதை ஆடி! நெட்ல எவனோ புண்ணியவான் போட்டு வெச்சிருந்தான். அதே படகு, அதே தொப்பி.

— அதே பச்சைக் கடல். கடல்னா நீலம்னு செஞ்சவனுக்கு யாரும் சொல்லல போல.

— சும்மா சொல்லக் கூடாதுக்கா, அப்ப எனக்கு இதான் உலகம். மாடியிலேருந்து விழுந்து ரெண்டு மாசம் கட்டோட கிடந்தப்ப...

— விழுந்தாராம்! குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு குதிச்சீங்க ஐயா.

— சரி, குதிச்சேன். நான் உள் ரூம்ல கிடப்பேன், கம்ப்யூட்டர் ஹால்ல. நீ ஸ்கூல் விட்டு வந்து ஆடிட்டு, இன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு வந்து சொல்லுவே. லைட்ஹவுஸ் கதவு தொறந்தது, அதுக்கு அந்தப் பக்கம் வரிசையா நாப்பத்திரெண்டு தீவு...

— பழைய குப்பை. எவன் ஞாபகம் வெச்சிருக்கான்?

— நான் வெச்சிருக்கேனே. மூணாவது தீவுல ஒரு கொள்ளைக்காரன். மாசம் பொறந்தா வந்து தண்ணி மோட்டாரை நிறுத்திட்டுப் போயிடுவான். அச்சு அசல் நம்ம ஹவுஸ் ஓனர்.

— உலகத்துல ஹவுஸ் ஓனர் எல்லாம் ஒரே ஜாடைதான்டா.

— கசப்பு மருந்து குடிக்காதவனை ஆமை கேப்டன் கப்பல்ல ஏத்த மாட்டார். அதுவும் கேம்லயே இருந்துச்சு, இல்ல?

— செஞ்சவன் டாக்டருக்குப் படிச்சிருப்பான்.

— ஏழாவது தீவு ராட்சசி, பெருக்கல் தப்பாப் போட்டா காதைத் திருகுவா. நம்ம கணக்கு டீச்சர் மாதிரியே ஒரு கண்ணை இடுக்கிக்கிட்டு.

— டேய், என்ன, விசாரணையா? பொய் கிளைம் போடறவங்களை நாள் முழுக்க உட்கார வெச்சு விசாரிக்கிறது என் வேலை. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல அதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தர்றான். நீ போய் உன் லிஃப்ட்டை ரிப்பேர் பாரு.

— அதான் சொல்ல வந்தேன். மாட்டிக்கிட்ட லிஃப்ட் கதவு எத்தனை தொறந்திருக்கேன்! இந்த ஒரு கதவு மட்டும் என் கண்ணு முன்னாடி தொறக்கல. நான் எழுந்து நடக்கறதுக்குள்ள சிடியில கீறல் விழுந்துடுச்சு, பாவம். இதோ, கதவைத் தொறக்கற மூணு சங்கும் சேர்த்தாச்சு. கதவுல ஒரு கிளிக்...

— இரு! அவசரம் என்ன? டீ போடு, குடிச்சுட்டுப் பார்க்கலாம்.

— வந்ததும் ரெண்டு கப் குடிச்சியேக்கா.

— அப்பா! கதவு தொறந்துச்சா?

— இதோ ஆச்சு பாப்பா! கேட்டியா? உள்ளேருந்து ஒரு ஆள் காத்துட்டிருக்கா. ரெண்டு வாரமா வேளைக்கு ஒரு தீவு சொல்லித்தான் அவ வாயில மருந்து ஊத்தறேன். நீ சொன்னதெல்லாம் நேத்தோட தீர்ந்துபோச்சு, காலைலேருந்து உதட்டைப் பிரிக்கல. அடுத்த தீவு வந்தாத்தான் குடிப்பாளாம்.

— அதுக்காக இதைக் கொண்டுபோய் அவகிட்ட காட்டப் போறியா? வேணாம்டா. மூடு அதை.

— என்னக்கா, நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டே?

— ஏசி ரொம்ப ஜில்லுனு இருக்கு.

— நம்ம வீட்ல ஃபேன்தான் ஓடுது.

— சொன்னாக் கேளு! புள்ளை மனசு விட்டுப்போயிடும்.

— கிளிக் பண்ணிட்டேனே.

— போச்சு.

— ஏதோ இங்கிலீஷ்ல வருதுக்கா. பெரிய பெரிய எழுத்து.

— நீ படிக்க வேணாம், நானே சொல்லித் தொலைக்கிறேன். இலவசப் பகுதி இத்தோட முடிஞ்சுது, மீதி வேணும்னா முழு கேமையும் வாங்கிக்கோன்னு போட்டிருக்கான். பத்திரிகையோட ஓசியில வந்த சிடிடா அது! அந்தக் கதவு தொறக்கவே தொறக்காது. உனக்கு அப்ப இங்கிலீஷ் படிக்க வராது. படுத்துக்கிட்டே கதவு தொறந்துச்சான்னு கேட்டே. உன் மூஞ்சியைப் பார்த்துட்டு இல்லைன்னு சொல்ல வாய் வரல. தொறந்துச்சுன்னுட்டேன். அப்புறம் எங்க நிறுத்தறது? கொள்ளைக்காரன், ராட்சசி, நாப்பத்திரெண்டு தீவு, எல்லாம் என் புளுகு. காம்பஸ் முள்ளால சிடியைக் கீறினதும் நான்தான். எழுந்து வந்து பார்த்தா என்னை வெறுத்துடுவியோன்னு பயம். ஆபீஸ்ல ஒவ்வொரு பொய் கிளைமைப் பிடிக்கும்போதும் உன் மூஞ்சிதான்டா ஞாபகம் வரும்.

— அடேங்கப்பா.

— என்ன அடேங்கப்பா? திட்டறதுன்னா திட்டு. கட்டுப் பிரிச்சப்புறமும் ஒரு வருஷம் அடுத்து என்ன, அடுத்து என்னன்னு கேட்டு என் உயிரை வாங்கினியே, ஒரு நாளாவது உனக்குச் சந்தேகம் வந்திருக்கக் கூடாதா?

— சந்தேகமா? ரெண்டாவது வாரமே, நீ ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப, கட்டுக் காலை இழுத்துக்கிட்டு ஹாலுக்கு வந்து, டிக்‌ஷனரியை மடியில வெச்சு ஒவ்வொரு வார்த்தையாப் பார்த்துட்டேன்க்கா. எழுந்து உள்ள வா, நாப்பத்துமூணாவது தீவு எனக்குத் தெரியாது.